கூலி என்றொரு பெயர்

(திருநள்ளாற்றில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை பார்த்துத் திருநள்ளாற்றில் பேச்சுக்கு நாள் குறித்தவர்களின் துணிச்சலை முதலில் மெச்ச வேண்டும். இந்த ஊரில் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. அது தானாக வரும், எள் தீபம் ஏற்றும், பஸ் பிடித்துப் போய்விடும். அதில் மிச்சப்பட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்களை அதிக நேரம் சோதிக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பேச வந்தவன் சொல்லும் முதல் பொய் எப்போதும் அதுதான்.

காலையிலேயே வந்துவிட்டேன். நளன் குளத்துப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். உங்களுக்குத் தெரியாத காட்சி ஒன்றுமில்லை. நல்லெண்ணெய் தேய்த்து முழுக்குப் போடுகிறார்கள். உடுத்தியிருந்த துணியோடு தோஷத்தையும் குளத்தில் விட்டுவிட்டுப் புதுசு உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள். வெளியே வந்ததும் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாதப் பொட்டலம் கொடுக்கிறார்கள். வசதியான ஒருவர், வயது ஐம்பது இருக்கும், கையில் பை நிறையப் பொட்டலம் வைத்து எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டு வந்தார். வரிசையில் ஒரு வயதான அம்மாள் கையை நீட்டவில்லை. "ரெண்டு பொட்டலம் கெடச்சிடுச்சு சாமி. சோறு போதும். காலு வீங்கிக் கெடக்கு, மாத்திரைக்கு ஏதாச்சும் குடுத்தா புண்ணியமாப் போவும்" என்றார். கொடுத்தவர் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. "வாங்கிக்கம்மா, இருபத்தேழு பேருக்குக் கொடுக்கணும், கணக்குக் குறைஞ்சிடும்" என்று மடியில் பொட்டலத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்தோ பஸ் ஏறி வந்து, கைக்காசு செலவழித்து, வெயிலில் நின்று கொடுக்கிறார். அவருக்கு அந்த அம்மாள் வேண்டியிருந்தது. அந்த அம்மாளின் கால் வேண்டியிருக்கவில்லை. இருபத்தேழில் ஒன்றாக அந்த அம்மாளை எண்ணிய பிறகு அவர் கால் எப்படிக் கண்ணில் படும்?

ஏழையை இந்தச் சமுதாயம் பார்ப்பதே இல்லை என்று மேடையில் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நன்றாகவே பார்க்கிறோம். பார்த்து அவருக்கு ஒரு பெயர் வைக்கிறோம். பெயர் வைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று. அப்படி வைத்த ஒரு பெயரின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நம் வயல்வெளியில் புழங்கி, காரைக்கால் துறைமுகத்தில் கப்பலேறி, உலகம் சுற்றிய சொல் அது. கூலி.

நமக்குக் கூலி என்றால் என்ன? வேலைக்கு அளந்து கொடுப்பது. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ரூபாயாக நினைவுக்கு வராது. களத்துமேடு நினைவுக்கு வரும், மரக்கால் நினைவுக்கு வரும், அளக்கிறவன் கட்டைவிரலை உள்ளே விட்டு அளந்தது நினைவுக்கு வரும். செய்தவனுக்கும் செய்வித்தவனுக்கும் நடுவில் இருக்கும் நெல்தான் கூலி. அது ஆளின் பெயரே கிடையாது. ஆனால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போய் அது ஆளாகிவிட்டது. சொல்லின் வேர் பற்றி அறிஞர்களிடையே சண்டை உண்டு. தமிழ்க் கூலிதான் என்பார் ஒரு சாரார். குஜராத் பக்கத்துக் கோலி என்ற சாதியின் பெயர் என்பார் மறு சாரார். எனக்கு அந்தச் சண்டை தீராமலே இருக்கட்டும் என்று தோன்றும். ஏனென்றால் ஒரு பக்கம் சம்பளம், மறு பக்கம் சாதி. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. தென்னாப்பிரிக்காவிலும் கயானாவிலும் குவாதலூப்பிலும் அது ஓர் இனத்தைத் திட்டும் பெயரானது.

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மன்னரிடமிருந்து 1739-இல் வாங்கினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இங்கிருந்து என்ன ஏற்றுமதி ஆயிற்று என்று அதே புத்தகத்தில் படித்திருப்போம்: நெல், அரிசி, துணி. ஆள் ஏற்றுமதி ஆனதைப் பற்றி எத்தனை வரி படித்தோம்? பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது 1848-இல். ரீயூனியன் தீவிலும், கரீபியக் கடலில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க மக்கள் விடுதலை ஆனார்கள். விடுதலையான மனிதன் முதலில் என்ன செய்வான்? இந்தக் கூலிக்கு வரமாட்டேன், கூட்டிக் கொடு என்பான். தோட்ட முதலாளி கூட்டிக் கொடுக்கவில்லை. கூட்டிக் கேட்காத ஆளைத் தேடினான். அவனுடைய தேடல் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தது.

நம் பக்கத்தில் அப்போது ஆள் பிடிப்பது கஷ்டமான காரியமாக இருக்கவில்லை. தஞ்சைச் சீமையில் பண்ணையாள் என்று ஒரு முறை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் வைத்திருந்த முறை. அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று ஆங்கிலேயக் கம்பெனி அரசு 1843-இல் எழுதிவிட்டது. சட்டம் எழுதியது சேரிக்குத் தெரிய எத்தனை காலம் ஆனதோ! சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது என்றால், நூறு வருஷம் கழித்தும் அவை இருந்தன என்றுதானே பொருள்? அப்படி இருந்தவனிடம் ஒரு மேஸ்திரி வந்து முன்பணம் காட்டுகிறான். கடலுக்கு அப்பால் ஐந்து வருஷம், மாதச் சம்பளம், சாப்பாடு, திரும்பி வரக் கப்பல் செலவு. போனவர்கள் எல்லோரும் சேரிக்காரர்கள் அல்லர், பல சாதியினரும் போனார்கள். பஞ்சம் எல்லா வீட்டிலும் அடுப்பை அணைக்கும். ஆனால் எந்த வீட்டில் முதலில் அணைக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கில் முதல் தொகுதித் தமிழர்களை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24-ஆம் தேதி குவாதலூப்பில் இறக்கியது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். 1861-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒப்பந்தம் போட்டு, ஆங்கிலேயப் பகுதி ஆட்களையும் முறைப்படி ஏற்றலாம் என்றார்கள். அதற்கு முன்பே அரசலாற்றங்கரை வழியாக ராத்திரியில் எல்லை தாண்டி வந்து கப்பலேறியவர்களுக்குக் கணக்கு இல்லை. எழுதி வைத்த கணக்கு இது: ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல், குவாதலூப்புக்கு 42 ஆயிரம் அளவில், மார்த்தினிக்குக்கு 25 ஆயிரம் அளவில். இந்தியாவின் பல பகுதி ஆட்கள் இதில் உண்டு, பெரும்பகுதி தமிழர்கள். அங்கே நடத்திய விதம் பொறுக்காமல் ஆங்கிலேய அரசு 1882-இல் ரீயூனியனுக்கும், 1888-இல் கரீபியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆங்கிலேய அரசுக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இறங்கிய இடத்தில் என்ன நடந்தது என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கூடுதல் கூலி கேட்ட கறுப்பரின் எதிரே குறைந்த கூலிக்குக் கட்டுப்பட்ட தமிழர் நிறுத்தப்பட்டார். இவருக்கு அவர் மொழி தெரியாது. அவருக்கு இவர் சாமி தெரியாது. மாரியம்மனும் மதுரை வீரனும் இவரோடு கப்பலில் போயிருந்தார்கள். கறுப்பரின் கண்ணுக்கு, தம் பிழைப்பைக் கெடுக்க வந்த இனம் இது. தமிழரின் கண்ணுக்கு, நேற்றுவரை அடிமையாக இருந்த இனம் அது. இருவர் முதுகிலும் ஒரே வெயில், ஒரே கரும்பு, ஒரே கங்காணி. முதலாளிக்கு வேறு என்ன வேண்டும்? இரண்டு ஏழைகளை இரண்டு இனமாக்கிவிட்டால் கூலியை அவன் உயர்த்தவே வேண்டியதில்லை. கிரெயோல் மொழியில் "கூலி" என்பது கறுப்பர்கள் தமிழரை ஏசும் வார்த்தையானது. நம் களத்துமேட்டுச் சொல்லை வைத்து இன்னொரு ஏழை நம்மை ஏசினான்.

தோட்டக்காட்டிலேயே பிறந்த பிள்ளைகளை எந்த நாட்டுக்காரர்கள் என்பது என்று பிரெஞ்சு அரசுக்கே தெரியவில்லை. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், ஆமாம், நம் சிதம்பரம்தான், பெயரை அங்கே அப்படி எழுதினார்கள், 1904-இல் இந்தக் கேள்வியை வழக்காக்கினார். இங்கே பிறந்து இங்கே வரி கட்டும் இந்திய வம்சத்தவர் வாக்காளர் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்டார். 1923 வரை விடவில்லை. பத்தொன்பது வருஷம் நடந்து உரிமையை வாங்கினார். கூலியின் பிள்ளை குடிமகன் ஆவதற்கு ஒரு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. காரைக்காலில் இவர் பெயர் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர்கள் யாராவது இருந்தால் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

ரீயூனியன் தீவுக்கு வேறு இந்தியர்களும் போனார்கள். குஜராத்திலிருந்து துணிக்கடை வைக்கப் போன முஸ்லிம் வியாபாரிகள். ரீயூனியனில் அவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? ஸராப். அதாவது அரபுக்காரர்கள். கரும்பு வெட்டப் போன நம்மவருக்குப் பெயர் மால்பார். இருவரும் இந்தியாவிலிருந்து கப்பலேறியவர்கள்தான். கையில் துணி மூட்டையோடு இறங்கியவன் ஓர் இனம், வெறுங்கையோடு இறங்கியவன் வேறு இனம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. காந்தி தன் சுயசரிதையில் தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே முஸ்லிம் வியாபாரிகள் தங்களை அரேபியர் என்று சொல்லிக்கொண்டார்களாம். பார்சி குமாஸ்தாக்கள் பாரசீகர் என்றார்களாம். எல்லாம் எதற்கு? கரும்புத் தோட்டத்துத் தமிழனோடும் தெலுங்கனோடும் தங்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்றுதான். அப்படிச் சொல்லியும் வெள்ளைக்காரன் கேட்கவில்லை. அவர்களும் கூலி வியாபாரிகள்தான், காந்தியும் கூலி பாரிஸ்டர்தான். தமிழ்ப் பெயர்களின் கடைசியில் சாமி என்று வருவதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் இந்தியர்களை எல்லாம் சாமி என்றும் கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமான், நான் உனக்கு எஜமான் அல்லவே என்று சில இந்தியர்கள் திருப்பிக் கொடுத்ததையும் அவர் எழுதுகிறார். காலையில் அந்தப் பொட்டலக்காரரை அந்த அம்மாள் "சாமி" என்றபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது.

பணம் இருந்தால் இனத்திலிருந்து தப்பிக்கலாம் என்று அந்த வியாபாரிகள் நம்பினார்கள். பாதிதான் தப்பினார்கள். ஆனால் தப்பிக்க முயன்ற வழியைக் கவனிக்க வேண்டும். எங்களை இழிவாக நடத்தாதே என்று கேட்டார்கள். எவரையும் இழிவாக நடத்தாதே என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கூலியைக் கூலி என்றே சொல்லிக்கொள், என்னைச் சொல்லாதே. இந்த மனு உலகத்தில் எங்கெல்லாமோ எழுதப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் வருஷத்துப் பதிவு ஒன்று. புதுச்சேரியில் சம்பா கோவில் என்ற தேவாலயத்துக்குள் வடக்குப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. சுவரின் ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் யார்? சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள் என்ற கலப்பினத்தார், வெள்ளைக்காரர்கள். நம் காரைக்கால் பாதிரியார் ஒருவரும் அந்தப் பதிவில் வருகிறார். முறையீடு எழுந்து சுவர் இடிபட்டது. அதற்குப் பிறகு நடந்தவை வேறு கதை. என் கண் அந்தச் சுவரின் மறு பக்கத்திலேயே நிற்கிறது. வெள்ளைத் தோலும் கறுத்த முதலியாரும் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள். தோலின் நிறத்தைப் பார்த்துக் கட்டிய சுவராக இருந்தால் அது வேறு இடத்தில் போயிருக்க வேண்டும்.

பிறகு 1873-இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் சப்பாத்தோடு வரக்கூடாது என்று அங்கே தண்டித்தார்கள். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சொந்த வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரரோடு சமம் ஆகலாம். பொன்னுத்தம்பி 1882-இல் எழுதிக் கொடுத்து லா போர்த் ஆனார். லா போர்த் என்றால் கதவு. அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். சாதியைக் கழற்றி வைக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே சட்டபூர்வமான வழி அது. சாதி இந்துக்களின் தலைவராக நின்ற சண்முக வேலாயுத முதலியார் இதை எதிர்த்தார். வெள்ளைக்காரனோடு சமம் வேண்டாம் என்பதா அவர் கவலை? சேரிக்காரனும் சமமாகிவிடுவானே என்பதுதான். அரசாங்கம் 1884-இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாக்கியது. ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, மற்றவர்கள் ஒன்று. சமம் என்று எழுதிய காகிதம் காய்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

ஊர்க்கதையே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. என் வீட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் மேலே பேச எனக்கு யோக்கியதை இல்லை.

என் தாத்தாவுக்கு இங்கிருந்து மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. பெரிய மிராசு ஒன்றுமில்லை. ஆனால் மிராசு மனசு இருக்க நிலம் அதிகம் வேண்டியதில்லை. பண்ணையில் ஒரு பெரியவர். கோடை விடுமுறைக்குப் போனால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகக் காட்டுவார். நண்டு வளைக்கும் பாம்பு வளைக்கும் வித்தியாசம் அவரிடம் கற்றது. நான் அவரை "டேய் கருப்பா" என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு ஏழு வயது. அவருக்கு அறுபதுக்கு மேல். அவர் என்னை "சின்னய்யா" என்பார். தொழுவத்து எரவாணத்தில் அவருக்கென்று ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். நீராகாரம் அதில்தான்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலைக்கு ஆசிரியர் ஒருவர் எங்களை அனுப்பினார். தாத்தா ஊருக்கே போனேன். சேரிப் பட்டியலில் கருப்பன் என்று யாருமே இல்லை. கடைசியில் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் பெயரும் என் தாத்தா பெயரும் ஒன்று. ஒரே பெருமாள் பெயர். பண்ணையாளுக்கு எஜமான் பெயர் இருந்தால் எப்படிக் கூப்பிடுவது, எப்படித் திட்டுவது? அதனால் வீட்டில் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறார். மார்த்தினிக்கில் வெள்ளைக்காரத் துரை நம்மவர்களின் பெயரைச் சிதைத்து எழுதினான் என்று படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. வந்த உடனே அடங்கியும் விடுகிறது.

கீழவெண்மணியைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் கூலியைப் பற்றிப் பேச முடியாது. இங்கிருந்து நாகப்பட்டினம் போய்த் திரும்பினால் எட்டிவிடும் தூரம். 1968 டிசம்பர் 25. விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. கிடைத்தது நெருப்பு. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு உறக்கம் கெடுப்பது அதற்குப் பிந்தைய பகுதி. நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-இல் நிலச்சுவான்தார்களுக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் அவர்களை விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பாருங்கள். இவர்கள் பணக்காரர்கள், ஏராளமான நிலம் உள்ளவர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர். வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

கார் வைத்திருப்பவன் குற்றவாளியாக இருக்க முடியாது என்ற நியாயம் எங்கிருந்து வருகிறது? ஏழை, அதிலும் சேரி ஏழை, எதையும் செய்யக்கூடியவன் என்ற எண்ணத்தின் மறுபக்கம்தானே அது? அந்தத் தீர்ப்பை ஒரு கொடுங்கோலன் எழுதவில்லை. படித்த, நல்ல பெயர் எடுத்த நீதிபதிகள் எழுதினார்கள். காலையில் பார்த்த பொட்டலக்காரரைப் போல அவர்களும் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

சரி, இது பழைய கதை, இப்போது எல்லாம் பணம்தான், சாதி எங்கே இருக்கிறது என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு நான் 2019-ஐக் காட்டினேன். அரசியல் சட்டத்தின் 103-ஆவது திருத்தம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்குப் பத்து சதவீத இடஒதுக்கீடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் எவ்வளவு நலிந்திருந்தாலும் அந்தப் பிரிவில் வரமாட்டார். உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்று அதை ஏற்றுக்கொண்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரவீந்திர பட், சின்ஹோ ஆணையத்தின் கணக்கை எடுத்து வைத்தார்: பட்டியல் சாதியினரில் 38 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, பழங்குடியினரில் 48 சதவீதம், பொதுப் பிரிவினரில் 18 சதவீதம். அவர்களுக்குத்தான் ஏற்கெனவே இடஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சமூகத்தில் ஒதுக்கி வைத்ததற்கு, வறுமைக்கு அல்ல. ஏழை என்ற சொல்லிலிருந்து ஏழைகளில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திவிட்டு அதற்கு நலிந்தோர் என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரை நான் நம்ப மாட்டேன்.

நம் ஊர் எல்லையிலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் ஆதிதிராவிடருக்குப் புதுவை அரசின் இடஒதுக்கீடு உண்டா, 1964-ஆம் வருஷத்து ஆணையின்போது இங்கே இருந்த குடும்பங்களுக்கு மட்டும்தானா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தின் நுணுக்கம் எனக்கு வேண்டாம். அந்தப் பக்கத்துச் சேரியிலிருந்து இந்தப் பக்கத்துச் சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் மாற வேண்டியிருக்கிறது, டீக்கடையில் அவளைப் பார்க்கும் பார்வை மாறவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. ஏனென்றால் இதுவரை நாம் அடிபட்டவர்கள் பக்கம் நின்று கேட்டோம்.

இன்று நம் டெல்டாவில் நாற்று நட யார் வருகிறார்கள்? மேற்கு வங்கத்திலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வருகிறார்கள். கயிறு பிடித்து வரிசை தப்பாமல் நடுகிறார்கள். நம் பெண்கள் ஒரு நாளில் நடுவதை அரை நாளில் முடிக்கிறார்கள் என்று மெச்சுகிறோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏஜெண்டிடம் பேசி முடிக்கிறோம். உள்ளூர் ஆள் கிடைப்பதில்லை, அதனால் கூப்பிடுகிறோம் என்று விவசாயி சொல்வதில் உண்மை இருக்கிறது. டீசல் விலையும் உர விலையும் அவர் கழுத்தில் உட்கார்ந்திருப்பதும் உண்மை. ஆனால் உள்ளூர் நடவுப் பெண்கள் கூலியைக் கூட்டிக் கேட்டால், "வடக்கனை எறக்கிடுவேன்" என்று களத்தில் சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1854-இல் குவாதலூப்பின் தோட்ட முதலாளி தன் கறுப்பு ஆட்களிடம் வேறு என்ன சொல்லியிருப்பான்?

வடக்கன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். காரைக்கால் கடைத்தெருவில் ராஜஸ்தானிலிருந்து வந்து அடகுக்கடை வைத்திருப்பவரும் வடக்கத்தியார்தான். அவரை யாராவது வடக்கன் என்கிறோமா? "சேட்டு" என்கிறோம், "வாங்க சேட்டு" என்கிறோம். ஓட்டலில் மேசை துடைக்கும் ஒடிசாப் பையன் வடக்கன். சித்தாள் வேலைக்கு வரும் பீகார்ப் பையன் வடக்கன். ஒரே திசை, ஒரே மொழிக் குடும்பம். ஒருவருக்குக் கல்லாப்பெட்டி இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. ரீயூனியனில் ஸராப், மால்பார். திருநள்ளாற்றில் சேட்டு, வடக்கன். ஆள் ஏற்றிய கப்பல்கள் நின்று பல காலம் ஆகிவிட்டது. பெயர் வைத்துப் பிரிக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை மட்டும் நாம் இங்கே இறக்குமதி செய்துகொண்டோம்.

அந்தப் பிள்ளைகள் திருடுவார்கள், குடிப்பார்கள், பாக்குப் போட்டுச் சுவரில் துப்புவார்கள் என்று நம் வீட்டுத் திண்ணையில் பேசுகிறோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவியபோது ஆயிரக்கணக்கானவர்கள் பயந்து ரயில் ஏறினார்கள். வீடியோ பொய். பயம் பொய்யா? நம்மைப் பற்றி அப்படி ஒரு பொய்யை அவர்கள் உடனே நம்பும்படி நாம் அவர்களிடம் எப்படி நடந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு கேள்வியாவது நமக்குள் எழுந்திருக்க வேண்டாமா?

நம் பிள்ளைகள் லண்டனிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகள் உண்டு, பிள்ளைகள் பாரிஸில். விடுமுறைக்கு வரும்போது அங்கே தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள். மெட்ரோவில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது, வாடகைக்கு வீடு கேட்டபோது பெயரைக் கேட்டதும் குரல் மாறியது. கேட்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. அதே மூச்சில் வெளியே வேலை செய்யும் பையனை "டேய் வடக்கா, தண்ணி எடு" என்கிறோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. எதிர்த்து நின்று பேசியவர்களில் நம் நாட்டவர் பலர். நிறவெறி வலிக்கும் என்று தெரிந்த அதே மனிதர்கள். வலி மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்குக் கடைவீதி அனுபவம் போதாது.

முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது. முடிக்கிறேன்.

இந்த அரங்கில் விவசாயம் செய்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று முகத்திலேயே தெரிகிறது. அடுத்த நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருவார்கள். வரட்டும். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு கூலி, அவர்களுக்கு ஒரு கூலி என்று வைக்காதீர்கள். கரையில் நின்று பெயர் கேளுங்கள், வாயில் நுழையாவிட்டால் இரண்டு தரம் கேளுங்கள். வேலை முடிந்ததும் பணத்தை ஏஜெண்ட் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். நட்டவர் கையில் எண்ணிக் கொடுங்கள்.